பூட்டு வேறு

முதுநகர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
சுவரில் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டி
இரவு இரண்டு பத்துக்குச் செத்துப்போகிறது.
தினமும் இல்லை,
போட்டுகள் கூட்டமாய்க் கிளம்பும் நாளில் மட்டும் என்று
சத்தியம் செய்தார் மேஸ்திரி லூர்துசாமி.
நான் நம்பவில்லை.

நாற்பது விநாடி.
அதற்குள் காவல் கடிகாரம் பெட்டியை உதைத்து எழுப்பிவிடும்.
எழுந்ததற்கு எதுவும் ஞாபகம் இருக்காது.
அந்த நாற்பதுக்குள்
கர்னலின் நினைவகத்தைப் படித்து
வெளியே எடுத்தாக வேண்டும்.

முதலில் மரியாதையாகத்தான் எழுதினேன்.
ஒவ்வொரு பைட்டுக்கு முன்னும்
பக்க அட்டவணையின் நான்கு மாடியும் ஏறி இறங்கி
இருக்கிறீர்களா, வரலாமா என்று கேட்டு.
நாற்பது விநாடியில்
ஒரு தெருவில் பாதிகூடத் தாண்டவில்லை.

அடுத்த முறை கேட்காமல் நுழைந்தேன்.
மூன்றாவது விநாடி, இல்லாத பக்கத்தில் கால் வைத்தேன்.
பேஜ் ஃபால்ட்.
பக்கம் வரட்டும் என்று காத்திருக்கப் போனது என் நிரல்,
கையில் பூட்டைப் பிடித்தபடியே.
பூட்டைப் பிடித்தவர் அங்கே உறங்கக் கூடாது.
செத்ததைப் படிக்கப் போனதும்
சேர்ந்து செத்தது.

புதுப்பாளையத்தில் எங்கள் தெருவுக்குக்
கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் கலிவரதன்.
கேட் திறந்தால் உள்ளே, எண், கிறுக்கல், வெளியே.
பூட்டியிருந்தால் டோர் லாக் என்று எழுதி
அடுத்த வீடு.
நின்று காத்திருந்து பார்த்ததில்லை.
கெடிலம் கரையைத் தொட்ட கார்த்திகையிலும்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
நூற்றுப் பன்னிரண்டு வீட்டை
மத்தியானத்துக்குள் முடித்தார்.

மூன்றாம் முறை அவரைப்போல எழுதினேன்.
ஃபால்ட் வந்தால் பக்கத்தைக் கொண்டுவராதே என்று
முன்னாலேயே சொல்லி வைத்தேன்.
எந்தக் கட்டளை தடுக்கி விழலாம்,
விழுந்தால் எந்த வரியில் எழ வேண்டும்,
சின்னதாய் ஒரு பட்டியல்.
விழாதவரை அதை யாரும் திறப்பதில்லை,
காலணா செலவில்லை.
எட்டெட்டு பைட்டாக அள்ளு.
விழுந்தாயா, எழு, குறித்துக்கொள்,
அந்தப் பக்கத்தின் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறையும்
தாண்டிப் போ.

ஒன்றில் மட்டும் அவர் வழி போகவில்லை.
பூட்டிய வீட்டுக்குப் போன தடவைத் தொகையையே
போட்டுவிடுகிறது வாரியம்.
நான் போடவில்லை.
பூஜ்யமும் போடவில்லை.
பூஜ்யம் என்றால் வீட்டுக்குள் போய்ப் பார்த்து
விளக்கு எரியவில்லை என்று பொருள்.
பூட்டு வேறு.

பதினொரு விநாடியில் படித்து முடித்தது.
மூன்று நாள், எழுத்து நிறைந்த பக்கங்களில் தேடினேன்.
நான்காம் நாள்தான்
ஓட்டைகளைப் பார்க்கத் தோன்றியது.
கம்ப்ரஸர் நிரல் காலி செய்துவிட்டுப் போன பக்கம் ஒன்று.
அதன் முகவரியை வெப்பமானி நிரல்
இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறது,
வீட்டை விற்றவன்
பழைய சாவியை வைத்திருப்பதுபோல.
போட்டுகள் கிளம்பும் ராத்திரி
நாலு கம்ப்ரஸரும் சேர்ந்து ஓடும்.
அன்று மட்டும் சாவியைப் போட்டுத் திருகுகிறது.

லூர்துசாமியிடம் போனில் சொன்னேன்.
ஐஸ் வந்தால் சரிம்மா என்றார்.

திருத்தி அனுப்பிவிட்டு விடிந்தபின் படுத்தவள்
சாயங்காலம் கதவைத் திறந்தால்
கேட் கம்பியில் செருகிய துண்டுச் சீட்டு.
சிவப்பு மையில்,
டோர் லாக்.

உள்ளேதான் இருந்தேன், கலிவரதன்.
பேர் இருந்தது, கதவெண் இருந்தது,
ஃபேன் ஓடியது,
மீட்டர்கூடச் சுற்றிக்கொண்டிருந்தது.
கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன்.
கொஞ்சம் நேரமாகியிருக்கும்,
அவ்வளவுதான்.